பக்கத்து சீட்டில் பிரேக் மிதிக்கிறவர்

1. த்ராட்டில்

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. கடை முழுக்கப் பூண்டு வாசம்.

"ஏத்தா சுமதி, உன் பைலட் வந்துருக்காக," என்றார் எங்கள் முதலாளி. சொல்லிவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். விற்ற பொருள் திரும்பி வந்தால் அவருக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும். முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியது நான்.

தேனி பஜாரில் உள்ள இந்தக் கம்ப்யூட்டர் கடையில் இருபது வருடங்களுக்கு மேலாக சர்வீஸ் பார்க்கிறேன். பிரிண்டர், யூபிஎஸ், பில் மெஷின் என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டியிருக்கிறேன். விமானம் ஓட்டும் கேமுக்கான சாமான்கள் வந்தது சமீபத்தில்தான். கையில் பிடிக்க ஜாய்ஸ்டிக், வேகத்துக்கு த்ராட்டில், காலுக்கு பெடல். இதில் எது நன்றாக உழைக்கும் என்று இப்போது பலரும் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் பால்ராஜ் அண்ணன். ஒவ்வொன்றாக உடைத்துக் கற்றுக்கொடுத்தார்.

வடுகபட்டியில் அவருக்குப் பூண்டு மண்டி. அறுபதை நெருங்கும் வயது, சலவை வேட்டி, ஏலம் கூறிக் கூறி உரத்துப்போன குரல். முந்தைய மாதம்தான் மூன்று சாமானும் சேர்ந்த முழு செட் ஒன்றை வாங்கிப் போயிருந்தார். பேரனுக்கா என்று கேட்டதற்கு, "ஏன், நான் ஓட்டக் கூடாதா?" என்றார். வாயை மூடிக்கொண்டு பேக் செய்துகொடுத்தேன்.

"தாயி, வேகம் தன்னால கூடுது, தன்னால குறையுது. நேத்து மதுரையில எறங்கப் போறேன், ரன்வே கண்ணுக்குத் தெரியுது. பொசுக்குன்டு வேகம் செத்துப்போச்சு. வயக்காட்டுக்குள்ள விழுந்துட்டேன்."

சொல்லும்போதே அவர் நெற்றி வியர்த்தது. கேமில் விழுந்ததற்கு இவ்வளவு வியர்வையா என்று நினைத்தேன், அதற்குமேல் யோசிக்கவில்லை.

த்ராட்டிலைக் கழற்றினேன். லீவர் நகரும் பள்ளத்துக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூண்டுத் தோல். மண்டியில் ஃபேன் போட்டால் தோல் பறக்கும், அது நேராக உள்ளே போய் இறங்கியிருக்கிறது. விலை குறைந்த த்ராட்டிலில் ஒரு சின்னத் தகடு கரிப் பட்டையின் மேல் உரசிக்கொண்டே போகும். அதை வைத்துத்தான் லீவர் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். அங்கே தூசு சேர்ந்தால் பட்டை கீறிப்போகும், வேகம் தாறுமாறாகக் குதிக்கும்.

காந்தத்தில் வேலை செய்கிற ஹால் சென்சார் வைத்த த்ராட்டிலாகப் பார்த்து மாற்றிக்கொடுத்தேன். அதில் உரசுகிற வேலையே இல்லை. பள்ளத்துக்கு மேல் ரப்பர் மூடியும் உண்டு. விளையாடி முடித்ததும் ஒரு துண்டைப் போட்டு மூடி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பிரச்சினை தீர்ந்தது என்று அன்றைக்கு எனக்கு ரொம்பத் திருப்தி.

2. ஸ்டிக்கின் கழுத்து

அடுத்து வந்தது ஜாய்ஸ்டிக். தூசு இல்லை, தோல் இல்லை. கைப்பிடி அடிப்பாகத்தோடு சேரும் கழுத்து விரிந்து தலை தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் மேசையோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கிண்ணங்களில் இரண்டைக் காணோம்.

"என்ன செஞ்சீக அண்ணே?"

"ஒண்ணும் செய்யல. லேசா இழுத்தேன்."

"லேசாவா?"

"எறங்குறப்ப மூக்கத் தூக்கணும்ல? அதுக்கு இழுத்தேன். மேசையோட வந்துருச்சு."

ஜாய்ஸ்டிக்குக்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிற அளவு பலம் போதும். இவர் பூண்டு மூட்டையைக் கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி இழுத்திருக்கிறார். உள்ளே ஸ்டிக்கைத் தாங்கும் அச்சு பிளாஸ்டிக்காக இருந்தால் இப்படித்தான் ஆகும். உலோக அச்சு உள்ள ஒன்றைத் தேடிக் கொடுத்து, ரப்பர் கிண்ணத்தை நம்பாமல் மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு முடுக்கவும் சொன்னேன்.

பிறகு பெடல் வந்தது. இந்த முறை சாக்கில் வந்தது, இரண்டு துண்டாக.

முதலாளி உள்ளே போகவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"இதுக்கு மேல மாத்திக் குடுக்க முடியாதுன்டு கம்பெனியில சொல்லிட்டாக. நீ நேர்ல போய்ப் பாத்துட்டு வா தாயி. அவுக கேம் வெளையாடுறாகளா, வெறகு ஒடைக்கிறாகளா?"

3. மண்டியில்

மறுநாள் மத்தியானம் வடுகபட்டிக்குப் போனேன். ஏலம் முடிந்து மண்டி அமைதியாக இருந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் ஓர் அறை. அங்கேதான் அவருடைய காக்பிட். பெரிய திரை, நான் சொன்னபடியே கிளாம்ப் போட்ட ஸ்டிக், துண்டு போர்த்திய த்ராட்டில். பார்க்கவே பெருமையாக இருந்தது.

அவர் மனைவி முத்துலட்சுமி அக்கா டீயோடு வந்தார். மண்டிக்குப் பின்னாலேயே வீடு.

"நீதான் இதையெல்லாம் வித்தவளா? நல்லா இருத்தா," என்றார். அது வாழ்த்தில்லை. "மக சிங்கப்பூர்ல மாசமா இருக்கா. ரெண்டாவது பிரசவம். மொதப் பிரசவத்துக்கும் இவுக கெளம்பல, பேரன் பொறந்தநாளுக்கும் கெளம்பல. கேட்டா பூண்டு சீசன்பாக. இங்கன உக்காந்து பொம்மை விமானம் ஓட்ட மட்டும் நேரம் இருக்கு. மருமகன் டிக்கெட்டே போட்டுட்டாரு. இவுக வரலைன்னா நான் எப்படித் தனியாப் போவேன்?"

பால்ராஜ் அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் வேலையைக் கவனித்தேன். கையோடு கொண்டுபோன பழைய டெமோ பெடலை மாட்டி, "ஓட்டிக் காமிங்க அண்ணே," என்றேன்.

சென்னையிலிருந்து மதுரை. அவர் ஓட்டுவது அந்த ஒரு வழித்தடம்தான். மேலே இருக்கும்போது நன்றாகவே ஓட்டினார். மதுரையைத் தாண்டி மேற்கே வந்து வைகை அணையைக் காட்டினார், வடுகபட்டி இருக்க வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் வெறும் மரங்களை நட்டு வைத்திருப்பதைக் காட்டி வருத்தப்பட்டார். பிறகு திரும்பி இறங்க ஆரம்பித்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்தேன்.

ரன்வே தெரிந்ததும் இரண்டு காலும் ஒன்றாக முன்னால் போயின. தொடை இறுகியது, முதுகு நாற்காலியில் அப்பியது, வலது கையோடு இடது கையும் வந்து ஸ்டிக்கைப் பற்றிக்கொண்டது. பெடல் கிறீச்சென்றது.

விமானப் பெடலில் இடதும் வலதும் உள்ளே ஒரு கம்பியால் சேர்ந்திருக்கும். இடது முன்னால் போனால் வலது பின்னால் வர வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பலம் கொண்ட மட்டும் மிதித்தால் நடுக்கம்பிதான் உடையும். சாக்கில் வந்த பெடலும் சரியாக அங்கேதான் உடைந்திருந்தது. ஸ்டிக் ஒடிந்ததும் இறங்கும்போதுதான். எனக்கு மெல்ல விளங்க ஆரம்பித்தது.

"அண்ணே, நீங்க கார் ஓட்டுவீகளா?"

"என்ன தாயி இப்படிக் கேட்டுட்ட? கொடைக்கானல் மலையில கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

"தான் ஓட்டுனாத்தான்," என்றார் அக்கா. "வேற ஆள் ஓட்டட்டும், பக்கத்து சீட்டுல உக்காந்து இவுக பிரேக் மிதிப்பாக. மருமகன் லீவுக்கு வந்தப்ப ஓட்டுன கார்ல மிதியடியே கிழிஞ்சுபோச்சு."

பால்ராஜ் அண்ணன் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"பயமா இருக்கு, லட்சுமி," என்றார். ஏலம் கூறும் குரல் எங்கேயோ போயிருந்தது. "விமானத்த எவனோ ஓட்டுவான், மொகம் கூடத் தெரியாது, நான் சும்மா உக்காந்துருக்கணும். அதுலயும் தரையத் தொடுற நேரத்த நெனச்சாலே காலு தன்னால மிதிக்குது. நானே ஓட்டிப் பழகுனா பயம் போயிரும்னு பாத்தேன். போக மாட்டேங்குது."

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இத மொதல்லயே சொன்னா என்ன? பெத்த மகளப் பாக்க மனசில்லன்டுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். சொல்லியிருந்தா கையப் பிடிச்சுக் கூட்டிப் போயிருப்பேனே."

சர்வீஸுக்குப் போன இடத்தில் கண் கலங்கினால் நன்றாக இருக்காது என்று குனிந்து வயரைச் சரி செய்தேன்.

4. அக்கா ஓட்டிய விமானம்

எந்த ராட்சசன் மிதித்தாலும் உடையாத இரும்புப் பெடல் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். அதை ஆர்டர் எடுத்துக்கொண்டு போனால் முதலாளி அன்றைக்கு எனக்குப் பரோட்டாவே வாங்கித் தந்திருப்பார். ஆனால் அந்தப் பெடல் உடையாமல் இருந்து என்ன பிரயோசனம்? சிங்கப்பூர் விமானத்தில் இவருக்கு முன்னால் பெடலே இருக்காதே.

"அண்ணே, நீங்க பழக வேண்டியது ஓட்டுறதுக்கு இல்ல," என்றேன். "பக்கத்து சீட்டுல உக்கார்றதுக்கு. எந்திரிங்க. அக்கா ஓட்டட்டும்."

"நானா? எனக்கு சைக்கிளே தெரியாதே," என்றார் அக்கா. ஆனால் சொல்லும்போதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

செருப்பைக் கழற்றச் சொன்னேன். வெறுங்காலில்தான் பெடலின் அசைவு தெரியும். குதிகால் தரையில் ஊன்றட்டும், விரல்கள் மட்டும் பெடலில் இருக்கட்டும் என்றேன். ஸ்டிக்கைப் பூப்பறிக்கிற மாதிரி பிடித்தார். பிறகு மதுரையிலிருந்து கிளம்பி, வானத்தில் இரண்டு வட்டம் போட்டு, யார் சொல்லியும் கேட்காமல் வைகை அணைத் தண்ணீருக்குள் விமானத்தைக் கொண்டுபோய் இறக்கினார்.

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பால்ராஜ் அண்ணன் இரண்டு காலாலும் சிமெண்டுத் தரையை மிதித்துக்கொண்டிருந்தார். "ஏய் ஏய் ஏய்" என்பது மண்டி முழுக்கக் கேட்டது. மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க, தரை ஒடைஞ்சுருச்சா?" என்றார் அக்கா.

முதலில் அக்கா சிரித்தார், பிறகு நான். கடைசியில் அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "இன்னொருக்கா ஓட்டு," என்றார்.

கடையில் கிடந்த ஒடிந்த பெடலை எடுத்துப்போய், பெரியகுளத்தில் தெரிந்த லேத் பட்டறையில் ஓர் அலுமினியப் பட்டையை வெட்டி வாங்கி நடுவில் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு தினமும் மத்தியானம் அக்காதான் பைலட். அண்ணன் ஸ்டூலில். முதலில் வாரக் கணக்கில் தரையை மிதித்தார், பிறகு இறங்கும்போது மட்டும் மிதித்தார், பிறகு காலை மடக்கி உட்கார ஆரம்பித்தார் என்று அக்கா போனில் சொன்னார். அக்கா ரன்வேயிலேயே இறக்கப் பழகிவிட்டார். அந்தப் பெடல் பிறகு கடைக்கு வரவேயில்லை.

முதலாளிக்கு இரும்புப் பெடல் விற்காததில் மனவருத்தம்தான். "வியாபாரம் பண்ணச் சொன்னா வைத்தியம் பண்ணிட்டு வந்துருக்க," என்றார்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தூசு பறக்கிற ஊர் நம் ஊர், காற்றும் அதிகம். அதனால் உரசுகிற சென்சார் வேண்டாம், ஹால் சென்சாராகப் பாருங்கள். ஸ்டிக்கின் உள் அச்சு உலோகமா என்று கேளுங்கள். கிளாம்ப் போட முடியாத ஸ்டிக்கை வாங்காதீர்கள். பெடல் கனமாக இருக்கட்டும், டைல்ஸ் தரையாக இருந்தால் அடியில் ரப்பர் பாய் விரியுங்கள். ஸ்பிரிங், கம்பி மாதிரி சில்லறைச் சாமான்கள் தனியாகக் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் பிரேக் மிதிப்பீர்களா? மிதிப்பேன் என்பவரிடம் பெடலைக் கொடுக்கும் முன் கடையிலேயே வெறுங்காலில் உட்காரவைத்துப் பழக்கிவிடுவேன். கேரள எல்லையில் இருக்கும் கூடலூரிலிருந்து வந்த ஜீப் டிரைவர் ஒருவர் மட்டும், "சேச்சி, நான் பக்கத்து சீட்டுல உக்காந்ததே இல்லையே," என்றார். அவருக்கு இரும்புப் பெடலையே விற்றேன். முதலாளியும் சமாதானமானார்.

கார்த்திகையில் அவர்கள் இருவரும் கிளம்பிப் போனார்கள். சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் செய்தார். மகள் நன்றாக இருக்கிறாள், பேரன் தாத்தாவை விட மாட்டேன் என்கிறான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணன் எப்படி வந்தாக?"

"நல்லாத்தான் வந்தாக. எறங்குறப்ப மட்டும் என் கையப் பிடிச்சுக்கிட்டாக."

ஸ்டிக்கின் கழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது. "கை பத்திரமா இருக்காக்கா?" என்றேன்.

"இருக்குத்தா," என்றார் அக்கா. "மெதுவாத்தான் பிடிச்சிருந்தாக."