திடலில் அக்கா கட்டிய தொட்டில்

குளுவாங் டவுன் திடலில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்குப் போடுகிறார்கள் என்று எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு லோரி கிளம்பியது. அக்கா, அவள் புருஷன், நான் மூவரும் ஏறிக்கொண்டோம்.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம். பிள்ளை இல்லை. தை பிறந்ததும் மாமாவுக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமியார் சொல்லிவிட்டாள். மாமா வேண்டுமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவர் வாயில் எப்போதும் வெற்றிலை.

"மாமா, வாய மூடிக்குங்க. வெள்ளைக்காரி கவுனுக்குச் சாயம் போட்டுறாதீங்க" என்றேன், திடலில் நின்ற துரைமார் குடும்பங்களைக் காட்டி. அவர் முறைத்தார்.

திடல் நடுவில் பெரிய சவுக்கு மரம் நின்றது. கிளையெல்லாம் பொம்மைகள், மணிகள், ஜரிகை. அடியில் வைக்கோல் மேல் ஒரு குழந்தைப் பொம்மை. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து, உள்ளே சின்னக் கல்லை வைத்து, தாழ்ந்த கிளையில் தொட்டிலாகக் கட்டினாள்.

"என்னாக்கா, கோயில் மரம்னு நெனச்சியா?"

"சும்மா இருடா. எத்தன பேரு பொம்ம கட்டியிருக்காங்க பாரு. கீழ புள்ளையும் கெடக்கு. வேண்டுதல் மரந்தான் இது."

இருட்டத் தொடங்கியபோது சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் எரிந்தன. கூட்டம் ஓவென்று கத்தியது. அக்கா மட்டும் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மனைவி நின்றிருந்தார். அவர்கள் வேதக்காரர்கள். மெதுவாகச் சொன்னார்:

"இது நேந்துக்குற மரமில்ல தங்கச்சி. அலங்காரத்துக்கு வெட்டியாந்தது. பண்டிக முடிஞ்சா விறகுக்குப் போயிரும்."

அக்கா குனிந்து பார்த்தாள். மரம் மணல் நிரப்பிய இரும்புப் பீப்பாயில் நின்றது.

"வேரு இல்லீங்களா?"

"இல்லம்மா."

நான் பீப்பாய் மணலைக் கையால் கிளறிப் பார்த்தேன்.

அக்கா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுகியிருந்தது. பின்னால் நின்ற மாமா தொட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"விடு. லோரி போயிரும்" என்று நடந்தார்.

அத்தனை வெளிச்சத்தில் அது மட்டும் கந்தல் துணியாகத் தெரிந்தது.

தை மாதம் பாலோ டவுனில் மாமாவுக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். அக்கா தகரப் பெட்டியோடு எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

"அலமாக், மகாராணி வராங்க! பெட்டி ரொம்பக் கனமோ?" என்று கையை நீட்டினேன்.

"பாதி காலிதான்டா" என்றாள். உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.