வயல் பார்க்காத பஞ்சு

பருத்தியைக் கண்ணாடிக் குடுவைக்குள் வளர்க்கப் போவதாக வெல்டா சொன்னதும், அவள் புருஷன் ஆர்வில் புரையேறச் சிரித்தான். பருத்தியே பிழைப்பான லபக் ஊரில் எந்தப் பருத்திக்காரன்தான் சிரிக்கமாட்டான்?

"நிலம் வேணாம், மழை வேணாம். அப்ப வருஷாவருஷம் பயிர அடிக்கிற ஆலங்கட்டி எங்கடி விழும், உன் தலையிலயா?"

பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் ஜின்னிங் மில் வளாகத்தில் பிறந்தவள் வெல்டா. ஆறு வருடமாகப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவினாள். கழுவிக்கொண்டே எல்லா வேலையையும் கண்ணால் கற்றாள். அவள் நச்சரிப்புத் தாங்காமல் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ஸ்ட்ராட் அந்த ஆகஸ்டில் பன்னிரண்டு குடுவைகளைக் கொடுத்தார்.

"ஒண்ணாவது முப்பது நாள் பூஞ்சை பிடிக்காம நின்னா இந்த மேசை உனக்கு. இல்லேன்னா பேசாம கழுவுற தொட்டிக்கே போயிடணும், என்ன?"

பூத்து இரண்டு நாளான காய்ப்பிஞ்சுகளை ஆல்கஹாலில் முக்கி, அறுத்து, உள்ளிருந்த இளம் விதைகளைச் சர்க்கரையும் வளர்ச்சி மருந்தும் கலந்த நீரில் மிதக்கவிட்டாள். குடுவை ஆடி விதை மூழ்கினால் பஞ்சு வராது. அதனால் வெப்பப்பெட்டியின் கதவைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சாத்தினாள்.

லபக் புழுதி லேசில் விடுமா? முதல் வாரமே ஏழு குடுவைகளில் பச்சைப் பூஞ்சை. அப்புறம் நான்கு. மிஞ்சியது ஒன்றே ஒன்று.

இருபத்தெட்டாம் நாள் அதை எடுத்துப் பார்த்தவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வெள்ளை வெளேரென்று பஞ்சு! வெயிலே படாத பஞ்சு!

பஞ்சைக் கண்டால் அந்த ஊர்க்காரர்களின் கை சும்மா இருக்காது. ஒரு கொத்தைக் கிள்ளி, இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே இழுத்து, நீளம் பார்த்தால்தான் அடங்கும். வெல்டா மூடியைத் திறந்து கிள்ளியே விட்டாள். இழுத்த பிறகுதான் புத்தி வந்தது. பாவி, இன்னும் இரண்டே நாள்!

"டாக்டர், நானே கெடுத்துட்டேன்."

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? கழுவாத கைய உள்ள விட்டியா?" முகம் சிவக்கக் கத்தியபடி ஸ்ட்ராட் குடுவையைப் பிடுங்கினார். உள்ளே பார்த்தார். கத்தல் பாதியில் நின்றது. அவரும் பருத்திக்காட்டுப் பிள்ளைதானே! இரண்டு விரல்கள் மெல்ல உள்ளே போயின.

"முக்கால் அங்குலம் வருமா?"

"அதுக்கு மேலயே வரும் டாக்டர், இதப் பாருங்க!"

இருவரும் ஜன்னலோரம் நின்று ஈரப் பஞ்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.

"அந்த முப்பது நாள்..." என்று தயங்கினாள் வெல்டா.

"திங்கக்கிழமை நாப்பது குடுவை போடு. கழுவ வேற ஆள் பாக்கறேன். நம்ம ரெண்டு பேர் கையயும் கட்டிப்போடத்தான் யாரும் கிடைக்கமாட்டாங்க."