புள்ளி விழுந்த இடத்தில் மக்டலின்

தன்னாமுனை வாவிக் கரையில் மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்களில் மக்டலினுக்குப் பாதம்தான் கண். இடுப்பளவு தண்ணீரில் சேற்றை மிதித்தாலே அடியில் மட்டி கிடக்கிறதா என்று சொல்லிவிடுவாள். ஆண்டவர் கொடுத்த அந்தக் கொடையே ஒரு தடவை அவளுக்கு இடைஞ்சலாகிப் போனது.

மட்டி குறைந்துவிட்டது, வாவியின் இந்தப் பக்கத்தை யாரும் பொறுக்காதபடி மீன்பிடி அதிகாரிகள் முழுவதுமாக மூடப்போகிறார்கள் என்று கதை அடிபட்ட காலம். மூடினால் எங்கள் வீடுகளில் அடுப்பு எரியாது. எண்ணிப் பார்த்துத்தான் முடிவு என்றார்கள். எண்ண வந்தவள் ஏறாவூர்ப் பிள்ளை இர்ஷானா, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். துணைக்கு மக்டலினைக் கூலிக்குக் கூப்பிட்டாள்.

இர்ஷானாவின் இடங்காட்டும் கருவியில் வாவிப் படத்தின் மேல் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. புள்ளி காட்டும் இடத்தில் கம்பிச் சட்டத்தை அமிழ்த்தி, அதற்குள் அகப்படும் மட்டியை எண்ண வேண்டும்.

“இதென்ன மகள், இதில நாலஞ்சு புள்ளி ஒட்டிக்கிட்டுக் கிடக்கு, அந்தப் பக்கம் வெறுமையாக் கிடக்கு. சமனாப் போடத் தெரியாதா?”

“சமனா இருந்தா அது ஆரோ அடுக்கினது, அக்கா. தன்பாட்டுல விழுந்தா இப்பிடித்தான். மணல்ல முதல் மழை விழுறதப் பாருங்களன்.”

முதல் நாள் சட்டம் வைத்த இடமெல்லாம் மட்டி. மக்டலினுக்குச் சந்தோசம். இர்ஷானா கருவியைப் பார்த்துவிட்டு முகம் வாடினாள். ஒவ்வோர் இடமும் புள்ளியை விட்டு விலகியிருந்தது.

“அக்கா, நீங்க புள்ளிக்குப் போகல்ல. மட்டிக்குப் போயிருக்கீங்க.”

“நான் போகல்ல மகள், கால் போயிட்டு.”

அன்றைய எண்ணிக்கை முழுவதும் வீண். அடுத்த நாள் மக்டலின் தடித்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கூட மட்டி பொறுக்கும் எமல்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னகா, கலியாண வீட்டுக்கா போறாய்?”

“கால் கள்ளம் பண்ணுது. அதான் கட்டிப் போட்டிருக்கன்.”

ஒரு புள்ளி, எல்லோருக்கும் தெரிந்த மட்டிக் குவியலுக்குப் பக்கத்திலேயே வந்தது. எமல்டாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு எட்டுத் தள்ளி வைகா! வெறுஞ் சட்டத்தக் காட்டினா மூடிப்போடுவானுகள். பிறகு என்னத்தத் தின்னுற?”

மக்டலின் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கருவி காட்டிய இடத்திலேயே சட்டத்தை அமிழ்த்தினாள்.

“வெறும் சேறு மகள். அப்பிடியே எழுது.”

அப்படி எழுதிய வெறுஞ் சட்டங்கள் நிறைய. குவிந்து கிடந்த சட்டங்கள் சில. அதை வைத்துத்தான் விசயம் பிடிபட்டதாக இர்ஷானா பிறகு வந்து சொன்னாள். மட்டி மழைத்துளி போலச் சிதறி வாழ்வதில்லை, கூட்டமாகத்தான் வாழ்கிறது. ஆகவே பெரிய குவியல்களைச் சுற்றி மட்டும் கம்பு நட்டு, யாரும் பொறுக்காமல் குஞ்சு வளரும் வரை விட்டுவிட்டால் போதும். மற்ற இடமெல்லாம் திறந்தே இருக்கும். மக்டலின் நினைத்த இடத்திலெல்லாம் சட்டம் வைத்திருந்தால், எங்கும் மட்டி என்ற பொய்தான் மிஞ்சியிருக்கும்.

கம்பு நட்டது, மக்டலினும் எமல்டாவும் வழக்கமாகப் பொறுக்கும் நல்ல இடங்களில். இப்போது தூரப் போய்த்தான் கூடையை நிரப்ப வேண்டும். எமல்டா ஏசிக்கொண்டே பின்னால் போகிறாள்.

“உன்ட நேர்மையால எனக்கு இடுப்பு முறியுது.”

“நடக்க மூடாத தண்ணி இரிக்குதானே,” என்கிறாள் மக்டலின், திரும்பிப் பாராமல். “வாகா, வெயில் ஏறுது.”