பகல் இரண்டு மணி, மத்திய அலை

2019 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை. ராமேசுவரத்தில் ஐந்து மணிக்கு எழுந்து கடலில் குளித்தோம். மச்சான் தன் அப்பாவுக்குத் திதி கொடுத்தார். பிறகு இட்லி, காபி, விடுதி அறையில் சிறிது தூக்கம். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். சோமனூரில் விசைத்தறி வைத்திருந்தார். அவருடைய அப்பா இறந்தது ஆடி மாதம். மாசியில் திதி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும், துண்டில் சுற்றிய எதையோ எடுத்துக்கொண்டு, "தனுஷ்கோடி வரைக்கும் போயிட்டு வந்தறலாமுங்க மாப்ள" என்றார். துண்டுக்குள் ரேடியோ. முள் நிற்க வேண்டிய இடத்தில், கண்ணாடி மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தார்.

அந்தக் கோடு எதற்கு என்று எனக்குத் தெரியும். அவர் மகள் தன்னோடு படித்த இலங்கைப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே போய்விட்டாள். அன்றிலிருந்து மச்சான் அவளோடு பேசவில்லை. அக்கா போனில் பேசும்போது தறிக்கூடத்துக்குப் போய்விடுவார். அவள் அங்கே ஒரு வானொலியில் அறிவிப்பாளராகச் சேர்ந்ததும், "மத்தியானம் ரண்டு மணிக்குப் பாட்டுப் போடறாளாமா" என்று அக்கா யாரிடமும் சொல்லாதது போலச் சொல்லிவைத்தாள்.

இரவானால் அந்த நிலையம் சோமனூரிலேயே எடுக்கும். பகலில் எடுக்காது. பகலில் மத்திய அலை தரையை ஒட்டித்தான் வரும்; காய்ந்த நிலத்தில் சீக்கிரம் தேய்ந்துபோகும், உப்புத் தண்ணீரின் மேல் வெகுதூரம் போகும். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே எத்தனையோ மாவட்டங்கள். போதாததற்குத் தறி மோட்டார்களின் கரகரப்பும் ரேடியோவுக்குள் புகுந்துவிடும். ஒரு வேலை நாளில் மச்சான் தன் தறிகளை எல்லாம் நிறுத்திவிட்டு ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தார். நானும் அங்கே இருந்தேன். பக்கத்துத் தறிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு மட்டும் கரண்ட் போயிருச்சுங்களா?"

"ஆமாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஃபேன் காத்துக்குச் சுத்துதாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்போனிலேயே கேட்டிருக்கலாம். அதற்குத் தன் மகனிடம் வைத்துத் தரச் சொல்ல வேண்டும். ரேடியோவுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தனுஷ்கோடி போகும் வழியில் நான்தான் ஆரம்பித்தேன். "ஒரு போன் போட்டுப் பேசிருங்க மச்சான்."

"பேசலாமுங்க மாப்ள. மொத வார்த்தை என்ன சொல்றது?" என்றார்.

காரை நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்தோம். வெயில் கடுமையாக இருந்தது. மச்சான் ரேடியோப் பெட்டியை மெல்லத் திருப்பித் திருப்பி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். இரைச்சலே இல்லை. இரண்டு மணிக்கு அவள் குரல் வந்தது, அடுத்த அறையிலிருந்து வருவது போல.

"நம்ம ஊட்ல பேசறாப்பலயே இருக்குதுங்க" என்றேன்.

"ஊட்ல இத்தன பேசமாட்டாளே" என்றார் மச்சான்.

மூன்று மணி வரை கேட்டோம். அவள் போட்ட பாட்டுகளை நான் வழக்கம்போல் டைரியில் வரிசையாக எழுதிக்கொண்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் அவர் ரேடியோவைத் துண்டில் சுற்றினார். அறைக்குத் திரும்பி, இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படுத்தோம்.

அந்த நிலையம் இப்போது மத்திய அலையில் ஒலிபரப்புவதில்லை. மச்சானும் போன வருடம் காலமாகிவிட்டார். காரியத்துக்கு வந்திருந்த மகள், அப்பா தன்னிடம் முதலில் என்ன பேசினார் என்பதை வந்தவர்களிடம் எல்லாம் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் சொன்னாள். அவர் அதைப் பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

ராமேசுவரத்தில் மறுநாள், திங்கட்கிழமை காலை எழுந்தவுடன், பல் விளக்குவதற்கும் முன்பாக, "மாப்ள, அவ நம்பர் உங்ககிட்ட இருக்குமுங்களே" என்று என் போனை வாங்கினார். நான் போட்டுக் கொடுத்தேன். அவள் எடுத்ததும், தான் யார் என்றுகூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்:

"ஏங்கண்ணு, தொண்டை கட்டியிருக்குது? பாட்டு முடிஞ்சு பேசறப்ப இருமுனயே. சுக்குத்தண்ணி வெச்சுக் குடிச்சியா?"