மாடிப்படியில் கேட்ட முட்டிகள்

பிசியோதெரபி என்பது, வலிக்கிற இடத்தை அழுத்திவிட்டு "இங்கேயா வலிக்குது?" என்று கேட்கும் தொழில். இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெண்களில் பாதிப் பேருக்காவது இடுப்போ முட்டியோ தோளோ இந்நேரம் லேசாக முனகிக்கொண்டிருக்கும். அதனால் உங்களிடம் கூச்சமில்லாமல் சொல்கிறேன். நேரில் என்றால் எனக்குப் பேச்சு வராது.

பதினெட்டுப் படி

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே நான் வேலை செய்யும் இடம். லிப்ட் கிடையாது. முகம் பார்த்துப் பேசத் தயங்குகிறவள் என்பதால் நான் கால்களைத்தான் பார்ப்பேன். அதற்கும் முன்னால், அவை படியேறும் சத்தத்தைக் கேட்பேன். இடுப்பு வலிக்கு ஒரு சத்தம், குதிகால் வலிக்கு ஒரு சத்தம். ஆள் உள்ளே வருவதற்குள் பாதி தெரிந்துவிடும்.

கலா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று நின்று ஏறி வந்தாள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஓட்டமும் நீளம் தாண்டலும் பாக்கி. தாண்டிப் பழகும்போது வலது முட்டியில் ஜவ்வு லேசாகக் கிழிந்துவிட்டது. உடல் தகுதித் தேர்வுக்குப் பத்து வாரம்தான் இருந்தது. இதை விட்டால் வயது தாண்டிவிடும், வேறு வாய்ப்பு இல்லை. இவ்வளவையும் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"முட்டி வலின்னு வர்றவள மாடியேற வுடுறீங்களே மேடம், அந்தத் தேர்வ இங்கயே வெச்சிட்டீங்களா?"

ஓடக்கூடாது

மூன்று வாரம் ஓடவே கூடாது என்று எழுதிக்கொடுத்தேன். பத்தாவது நாள் முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. ஓடினாயா என்று கேட்டேன். ஷூவைத் தொடவே இல்லை என்று அம்மன் மேல் சத்தியம் செய்தாள்.

புதன்கிழமை எனக்கு அரைநாள். மதிய வண்டியில் பொன்னேரிக்குத் திரும்புவேன். அந்த வாரமும் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முதல் ஷிப்ட் விட்டு வந்த பெண்கள் கூட்டம் டிபன் பைகளோடு நடைமேடையில் பாய்ந்து வந்தது. அவர்களுக்கு முன்னால், செருப்பைக் கையில் பிடித்தபடி கலா. வண்டி நகரும்போது ஏறிவிட்டாள். அத்தனை பேருக்கு நடுவில் கேட்க எனக்குக் கூச்சம். மறுநாள்தான் கேட்டேன். அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"அது ஓட்டம் இல்ல மேடம். அது வண்டிய புடிக்கிறது."

பலன்

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளுக்குக் கட்டம் போட்ட தாள் கொடுப்பது என் வழக்கம். கலாவின் தாளில் ஒரு கட்டம்கூட விடாமல் டிக் இருந்தது. ஆனால் தொடைத் தசை ஏறவே இல்லை. ஐந்தாவது வாரம், கூட வந்த அவள் அம்மாவிடம் சாதாரணமாக விசாரித்தேன். நடவு வேலைக்குப் போகிற அம்மா. கலா ஷிப்டுக்குப் போன நாட்களில் பாக்கியிருந்த பயிற்சியை எல்லாம், காலில் துண்டைக் கட்டி இழுப்பது உட்பட, தானே செய்து தானே டிக் போட்டிருக்கிறார். அவருடைய முட்டி வலி இப்போது குறைந்திருக்கிறதாம்.

கலா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா என்னைத்தான் விவரம் தெரியாதவளைப் போலப் பார்த்தார்.

"அவளுக்கோசரம் நான் விரதம் இருந்தா பலன் அவளுக்குப் போவுது இல்ல? இது மட்டும் ஏன் போவாது டாக்டரம்மா?"

கூடை

பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கழுத்து வலி, தாடை வலி என்று வந்தார். அன்று கலா பக்கத்துக் கட்டிலில் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தலையணை உயரமா, போன் அதிகம் பார்ப்பீர்களா, இரவில் பல் கடிப்பீர்களா என்று நான் படித்ததை எல்லாம் கேட்டேன். இரவில் இல்லை, பகலில்தான் கடிப்பேன் என்றார். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் இறால் தடவிப் பிடிக்கிற வேலை. பிடித்ததைப் போடும் கூடையை நாலு மணி நேரம் பல்லால் கடித்துக்கொண்டு நிற்பாராம். ஏன் பல்லால் என்று கேட்டுவிட்டேன். கலா சிரித்த சிரிப்பில் ஐஸ் பை கீழே விழுந்தது. அக்காதான் பொறுமையாக விளக்கினார்.

"ரெண்டு கையும் தண்ணிக்குள்ள கீது பாப்பா. கூடைய உங்க ஊட்டு பீரோலயா வெக்கறது?"

இறக்கம்

ஒன்பதாவது வாரம் கலா ஒற்றைக் காலில் அரை நிமிடம் ஆடாமல் நின்றாள், குதித்துக் காட்டினாள். நாளையிலிருந்து தாண்டிப் பழகட்டுமா என்றாள். சரி என்றேன். அவள் கிளம்பிப் படியிறங்கும் சத்தம் கேட்டது. பாதிப் படிக்குப் பிறகு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், ஒவ்வொரு படியிலும் இரண்டு கால். ஏறுவதைப் பிடிவாதத்தால் ஏறிவிடலாம். உடம்பின் எடையைத் தாங்கி இறங்கும்போதுதான் முட்டி உண்மையைச் சொல்லும்.

இந்த வேலைக்கு வந்து முதல் முறையாகக் குரல் உயர்த்திக் கூப்பிட்டேன். தாண்டக்கூடாது, இந்த வாரம் முழுக்கப் படியிறங்கு, நிதானமாக, மாற்றிமாற்றிக் கால் வைத்து என்றேன். இருப்பதே ஒரு வாரம்தான் என்றாள். தெரியும் என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் தினம் வந்து இறங்கினாள். ஆறாம் நாள்தான் சத்தம் ஒரே சீராக வந்தது. நான் கூப்பிட்டு நிறுத்திய அன்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போகும்போது அவள் கேட்டது இதுதான்.

"உங்க காதுக்கு இன்னா டிகிரி குடுத்தாங்க மேடம்?"

பத்தாவது வாரத்துக்குப் பிறகு

தேர்வு முடிந்த மறுநாள் காலை, படியில் சத்தம். இரண்டிரண்டு படியாக. நான் தலை நிமிரவில்லை. யார் என்று தெரியும், தேறிவிட்டாள் என்பதும் தெரியும். ஒரே ஒரு தாண்டலில் அளவைத் தொட்டுவிட்டாளாம். ஓட்டத்தில்தான் பாதியில் முட்டி லேசாகப் பிடித்ததாம். அப்புறம் எப்படி ஓடினாய் என்றேன்.

"ஓடல மேடம். கண்ண மூடிக்கினு, வண்டிய புடிச்சேன்."

நாலரை வருடம் படித்துவிட்டு வந்து நான் தெரிந்துகொண்டது, இந்த ஊர்ப் பெண்களின் முட்டியை எப்படியாவது சரிசெய்துவிடலாம், ஆனால் அவர்களை ஓடாமல் நிறுத்த ரயில்வே டைம்டேபிளில்தான் கை வைக்க வேண்டும் என்பது.