நோக்க அறிக்கைக்குப் பதிலாகப் போன பதினொரு பிழைகள்

மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் ஐந்து வருடம் இருந்தவளுக்கு ஒரு படிவத்தைச் சும்மா நிரப்பத் தெரியாது. பெயர் கேட்கும் கட்டத்தில் எண்களைப் போட்டுப் பார்ப்பேன். பிறந்த தேதியை அடுத்த வருடத்துக்கு மாற்றி, படிவம் அதை நம்புகிறதா என்று பார்ப்பேன். சட்டப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தையும் அப்படித்தான் நிரப்பினேன்.

மூன்று வருடப் படிப்பு. இடம் கிடைப்பது லேசில்லை. நுழைவுத் தேர்வில் தேறிவிட்டேன். மிச்சம் இரண்டு: ஏன் சட்டம் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு பக்க நோக்க அறிக்கை, அதன் பிறகு நேர்காணல். அறிக்கையை ஆறு தடவை எழுதினேன். கூடவே இன்னொரு கோப்பைத் திறந்து, விண்ணப்பத் தளத்தில் கண்ட பிழைகளை எண் போட்டுக் குறித்துக்கொண்டே போனேன். என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. யாரும் கேட்கவில்லை, கைப்பழக்கம். மொத்தம் பதினொன்று.

கடைசி நாள் முடிந்த மறுநாள் காலை, பதிவேற்றியவற்றை இறக்கிச் சரிபார்த்தேன். நோக்க அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பிழைப் பட்டியல் இருந்தது. சரிபார்ப்பை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடம் அது.

ஆஸ்டின் டவுன் வீட்டில் மகளோடு என்னுடன் இருக்கும் அக்கா, விஷயம் கேட்டதும் மாவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“பொண்ணு கேட்டுப் போன எடத்துல, உங்க வீட்டுச் செவுரு ஒழுகுதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்த மாதிரி இருக்குடி!”

“சிரிக்காதக்கா. சீட்டே போச்சு.”

“போன் போட்டுக் கேளு. வக்கீலாகப் போறவளுக்கு வாய் இல்லையா?”

போன் போட்டேன். சேர்க்கை அலுவலகத்தில் ஒருவர் எடுத்தார். மாற்ற முடியாது என்பதை “ஆகல்ல மேடம்” என்று கன்னடத்தில் மூன்று முறை சொன்னார். நானும் கன்னடத்தில் கெஞ்சிப் பார்த்தேன். வைக்கும் முன், என்ன கோப்புதான் போயிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பிறகு, போட்டோ ஏறாமல் நிற்கிறதே, அதுவும் பட்டியலில் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன்.

“ஒள்ளேதாய்த்து,” என்றார். நல்லதாகப் போயிற்றாம். வைத்துவிட்டார்.

நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியை கையில் என் பட்டியல். ஏழாவதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்: தந்தை பெயரைக் காலியாக விட்டால் படிவம் நகரவில்லை. தாய் பெயரைக் காலியாக விட்டால் நகர்கிறது. நடந்திருக்க வேண்டியது: இருவரில் ஒருவர் பெயர் போதும்.

“நடந்திருக்க வேண்டியது இதுதான் என்று முடிவு செய்தது யார்?” என்று கேட்டார்.

என் வேலையில் அதை வாடிக்கையாளர் எழுதித் தந்துவிடுவார். இதற்கு எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. அதை அப்படியே சொன்னேன். பிறகு, அக்கா மகளைப் பள்ளியில் சேர்த்தபோது, விட்டுவிட்டுப் போனவரின் பெயரை எழுதினால்தான் படிவத்தை வாங்கினார்கள் என்றேன். “அது சட்டமா, படிவம் தயாரித்தவரின் பழக்கமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.”

ஆறு தடவை எழுதிய அறிக்கையில் இதில் ஒரு வரிகூட இல்லை. பேராசிரியை ஏதோ குறித்துக்கொண்டார். ஓரத்தில் இருந்தவர், மிச்சம் பத்தையும் கணினிப் பிரிவுக்கு அனுப்பியாயிற்று, அவர்கள் என்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்றார். மூவரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் பாதி சிரித்தேன்.

இரண்டு வாரத்தில் தேர்வானவர்களின் பட்டியல் வந்தது. என் எண் இருந்தது. நம்பாமல் நான்கு தடவை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். அதற்குள் அக்கா தெருவுக்கே சொல்லிவிட்டாள். சாயங்காலம் எதிர் வீட்டு ஆன்ட்டி, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிக் கொடுத்த நோட்டீசோடு வந்து நின்றார்.

“இன்னும் காலேஜே தொறக்கல ஆன்ட்டி. மூணு வருஷம் ஆகும்.”

“ஆகட்டும்மா. இத மட்டும் இப்போ படிச்சுச் சொல்லிடு.”

வாங்கிப் படித்தேன். “ஆன்ட்டி, இதுல தேதியே போடல,” என்றேன்.

“ஆரம்பிச்சுட்டா!” என்று அக்கா சமையலறையிலிருந்து கத்தினாள்.