கால்வலியைச் செய்தியாக்கிய மகள்

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் திவ்யா, பள்ளி மாணவர்களுக்கான செய்திக் கட்டுரைப் போட்டியில் சேர்ந்தாள். மலையாளத்தில் எழுதியிருந்தாள். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. கரமனை ஸ்டாப்பில் பஸ் வருகிற அவசரத்தில், பெற்றோர் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க உட்கார விடமாட்டார்கள். வீட்டில் நான் புலம்பியதையெல்லாம் என் பெயர், கடை பெயரோடு அப்படியே எழுதியிருந்தாள்.

"ஏட்டி, என் வேலையப் போக்கிருவ போலிருக்கே! கிழிச்சுப் போடு."

"நீங்க சொன்னதுதானேம்மா?"

"உங்கிட்டச் சொன்னேன். பேப்பருக்கா சொன்னேன்?"

நல்லவேளை, கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. நான்கு கடைகளில் வேலை செய்யும் பெண்களிடமும் இரண்டு முதலாளிகளிடமும் பேசி, யார் பெயரும் இல்லாமல் புதிதாக எழுதினாள். முழுவதையும் வாசிக்கக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போட்டேன். முடிவு இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் நான் கடைக்கதையை ஆரம்பித்தாலே, "இது எனக்கா, பேப்பருக்கா?" என்று கேட்கிறாள்.

நேற்று, "பேப்பருக்குத்தான், எழுதிக்கோ மோளே" என்றேன்.